மூஸாவின் சட்டமும் நன்னியின் துப்பட்டியும்

சென்ற ஆண்டு விளாங்குடியில் உறவினர் இல்லத்தில் திருமண வேலைகள் நடந்துகொண்டிருந்தன. பாத்திரங்களுக்காகப் பரணிலிருந்து இறக்கிய தகரப் பெட்டியில், மறைந்த நன்னியின் வெள்ளைத் துப்பட்டி மடிப்புக் கலையாமல் கிடைத்தது. சேலைக்கு மேல் தலையிலிருந்து கணுக்கால் வரை சுற்றிக்கொண்டு நன்னி வைகைக் கரையோரமாக நடந்து செல்வதைச் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். கல்லூரியில் படிக்கும் பேத்தி அதை விரித்துப் பார்த்துவிட்டு, "நன்னி புர்கா போட்டதே இல்லையா? அப்ப இது மார்க்கமா, ஊர் வழக்கமா?" என்று கேட்டாள்.

கூடம் இரண்டாகப் பிரிந்தது. "எங்க காலத்துல இதுதாம்மா மார்க்கம்" என்றார் மூத்த மாமி. வளைகுடாவில் பணிபுரிந்து திரும்பிய இளைஞர் ஒருவர், துப்பட்டி நம் முன்னோர் அறியாமையால் ஏற்ற நாட்டு வழக்கம் என்றும், மார்க்கம் சொன்ன ஆடை வேறு என்றும் வாதிட்டார். பிரியாணிக்கு அரிசி அளக்க அழைத்தார்கள். வாதம் முடியாமலேயே கலைந்தது. எனக்கு மட்டும் அக்கேள்வி நெஞ்சில் தங்கிவிட்டது. அதற்கு விடை தேடிப் போனபோது, எதிர்பாராத ஓரிடத்தில், யூதர்களின் சட்ட நூல்களில், அதே கேள்வி ஏறத்தாழ 1800 ஆண்டுகளுக்கு முன்பே எழுதப்பட்டிருப்பதைக் கண்டேன். யூதர் என்றதும் இன்றைய அரசியலே பலருக்கு நினைவில் எழும், அதில் வியப்பில்லை. இங்கே நான் பேசுவது மூஸா நபி (அலை) அவர்களின் வேதத்தைப் பின்பற்றுவதாகக் கூறும் ஒரு சமூகத்தின் பழைய சட்ட மரபைப் பற்றி.

கி.பி. 200 அளவில் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்னும் சட்டத் தொகுப்பில் மண ஒப்பந்தங்களுக்கென ஒரு பகுதி உண்டு. நம் மஹருக்கு ஒப்பான கெத்துபா என்னும் மணத்தொகையை ஒரு மனைவி எவ்வெச் செயல்களால் இழப்பாள் என்று அது பேசுகிறது. அங்கே இரண்டு சொற்கள் வருகின்றன. ஒன்று தாத் மோஷே, அதாவது மூஸாவின் சட்டம். மற்றொன்று தாத் யெஹூதித், அதாவது யூதப் பெண்களின் வழக்கு. வேதத்தில் சொல்லப்பட்டது முதலாவது. நாணமுள்ள பெண்கள் தமக்குள் கைக்கொண்டு வந்தது இரண்டாவது. தலையைத் திறந்துகொண்டு வெளியே செல்வதை மிஷ்னா இந்த இரண்டாவது வகையில் சேர்த்தது.

பின்வந்த தல்மூத் அறிஞர்கள் இங்கே ஒரு தடையை எழுப்பினார்கள். தலையை மறைப்பது வேதத்திலேயே குறிப்பாக உள்ளதே, அதை எப்படி வெறும் வழக்கு எனலாம்? அவர்கள் கண்ட விடை நுட்பமானது. தலையில் ஒரு கூடையைக் கவிழ்த்துக்கொண்டு போனால்கூட வேதத்தின் கட்டளை நிறைவேறிவிடும், தலை மறைந்துவிட்டதல்லவா? ஆனால் பெண்களின் வழக்கு அதை ஏற்காது. முறையான முக்காட்டை அது கேட்கும். மறைக்க வேண்டும் என்பது சட்டம்; எதைக் கொண்டு, எவ்வளவு, எந்த இடத்தில் என்பதைத் தீர்மானிப்பது வழக்கு. இரண்டும் சேர்ந்தே ஒரு பெண்ணின் தலைமேல் அமர்ந்திருக்கின்றன.

வழக்கு என்றால் எவருடைய வழக்கு என்ற கேள்வியும் உடனே எழும். அதே மிஷ்னாவின் சப்பத் பகுதியில், ஓய்வுநாளில் எவற்றை அணிந்து தெருவில் நடக்கலாம் என்ற பட்டியலுக்கு நடுவே ஓர் அரிய செய்தி உள்ளது. அரபு நாட்டு யூதப் பெண்கள் முகத்திரையோடு வெளியே செல்லலாம். மீடியா நாட்டு யூதப் பெண்கள் தோளில் முடிந்த மேலாடையோடு செல்லலாம். அந்த முடிச்சு நழுவாதிருக்க ஒரு கல்லையோ கொட்டையையோ நாணயத்தையோ உள்ளே வைத்து முடிவார்களாம். முந்தானையில் சில்லறை முடிந்த நம் நன்னிமார் நினைவுக்கு வராமல் இருப்பார்களா? இவ்விரு நாட்டினருக்கு மட்டுமல்ல, எல்லாருக்குமே இது ஆகும். நடப்பில் உள்ளதைச் சொல்லவே அறிஞர்கள் இவர்களைக் குறிப்பிட்டார்கள் என்றும் அந்நூல் தொடர்கிறது.

ராஷி (1040–1105) என்னும் பிரான்ஸ் நாட்டு உரையாசிரியர், அரபு நாட்டு யூதப் பெண்கள் கண்கள் தவிரத் தலையும் முகமும் மூடிச் செல்வார்கள் என்று இதற்கு விளக்கம் தந்தார். மிஷ்னா தொகுக்கப்பட்ட அதே காலத்தை ஒட்டி, கார்த்தேஜ் நகரில் வாழ்ந்த தெர்த்துல்லியன் என்ற கிறித்தவ எழுத்தாளரும், ஒற்றைக் கண்ணை மட்டும் திறந்துவைத்து முகத்தை மூடும் அரபுப் பெண்களைப் பற்றி எழுதியிருக்கிறார். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் பிறப்புக்கு முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் முன்பே அம்மண்ணில் முகத்திரை இருந்தது என்பதற்கு இவை சான்று. முகத்திரை இஸ்லாம் புகுத்திய புதுமை என்று வெளியார் சொல்வதும் பிழை. அதில் நாட்டு வழக்கின் கலப்பே கிடையாது என்று நம்மவர் சொல்வதும் பிழை.

மிஷ்னாவுக்குப் பின் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் கழித்து, கெய்ரோவை அடுத்த ஃபுஸ்தாத்தில், முஸ்லிம் ஆட்சியின் கீழ் வாழ்ந்து அரபியிலும் எழுதிய மூஸா இப்னு மைமூன் (மறைவு 1204) இக்கோட்பாட்டை இன்னும் தெளிவாக்கினார். தலைத்துணி மட்டும் அணிந்து கடைத்தெருவுக்குப் போவது வழக்கமில்லாத ஊரில், உடல் முழுவதையும் போர்த்தும் மேற்போர்வை ஒன்றைக் கணவன் மனைவிக்கு வாங்கித் தர வேண்டும் என்று அவர் விதித்தார். போர்வை பெண்ணுக்குக் கடமையானால், அதை வாங்கித் தருவது ஆணுக்குக் கடமை. இரண்டுக்கும் அளவுகோல் அவ்வூரின் நடப்பு.

இதைப் படித்தபோது எனக்கு அல்பகறா அத்தியாயத்தின் 233ஆம் வசனம் நினைவுக்கு வந்தது. பாலூட்டும் தாயருக்கு உணவும் உடையும் அளிப்பதைத் தந்தையின் பொறுப்பாக்கும் இடத்தில், அதன் அளவை அல்லாஹ் மஅரூஃப் என்ற சொல்லால் குறிக்கிறான். நன்கு அறியப்பட்டது, மக்களிடையே நல்லதென வழங்குவது என்பது அதன் பொருள். பெண்ணின் உடையைப் பற்றிப் பேசுமிடத்திலேயே குர்ஆன் அவ்வாறு வழக்கைத் துணைக்கு அழைக்கிறது. ஊர், காலம், வசதி ஆகியவற்றைப் பார்த்தே மனைவியின் உடைச்செலவை நம் ஃபிக்ஹ் அறிஞர்கள் வகுத்ததும் இதன் வழியே. வழக்கம் தீர்ப்புக்கு ஆதாரமாகும் என்ற விதி, உதுமானியர் தொகுத்த மஜல்லா சட்டத்தில் 36ஆம் பிரிவாக இடம்பெற்றது.

அந்நூர் அத்தியாயத்தின் 31ஆம் வசனம் இறங்கியபோது நடந்ததையும் இங்கே நினைவுகூர வேண்டும். முந்தானைகளை மார்பின் மேல் இட்டுக்கொள்ளச் சொன்ன அக்கட்டளையைக் கேட்டதும், பெண்கள் தம்மிடமிருந்த போர்வைகளைக் கிழித்து அவற்றால் தம்மை மறைத்துக்கொண்டார்கள் என்று ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்த செய்தி புகாரியில் உள்ளது. எந்தத் துணி, என்ன நிறம், எந்தத் தையல் என்று அவர்கள் கேட்டு நிற்கவில்லை. வீட்டில் இருந்த துணி போதுமாயிருந்தது. விளாங்குடி வீட்டில் இருந்த துணி துப்பட்டி.

அந்தத் துப்பட்டியின் உறவினர்களைக் காண மேற்கு மலையைத் தாண்ட வேண்டும். சேர நாட்டுக் கடற்கரையில் யூதர்களும் முஸ்லிம்களும் சிரியன் கிறித்தவர்களும் அடுத்தடுத்த தெருக்களில் நூற்றாண்டுகள் வாழ்ந்தார்கள். கி.பி. 1000 அளவில் பாஸ்கர ரவிவர்மன் முயிரிக்கோட்டில் இருந்து ஜோசப் ரப்பான் என்ற யூதத் தலைவருக்கு அளித்த செப்பேடு வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டு, இன்றும் கொச்சி மட்டாஞ்சேரிப் பரதேசி ஜெபாலயத்தின் உடைமையாக உள்ளது. அஞ்சுவண்ணம் உள்ளிட்ட 72 உரிமைகளை அது அவருக்கு வழங்கியது; பகல்விளக்கும் பல்லக்கும் குடையும் பாவாடையும் அவற்றுள் அடங்கும். அந்தப் பாவாடை நடப்பதற்காக நிலத்தில் விரிக்கும் துணியே தவிர, இன்று நாம் அறிந்த ஆடையன்று. ஆனால் எந்தத் துணியை எவர் பயன்படுத்தலாம் என்பது அந்நாட்டில் அரசன் செப்பேட்டில் எழுதித் தரும் அளவுக்குப் பெரிய செய்தியாக இருந்தது என்பதை அது காட்டுகிறது.

கொச்சி யூதப் பெண்கள் எருசலேமிலிருந்தோ பக்தாதிலிருந்தோ உடையைக் கொண்டுவந்து அணியவில்லை. அவர்கள் இடுப்பில் முண்டு உடுத்தினார்கள், மேலே சட்டை அணிந்தார்கள். பக்கத்துத் தெரு மாப்பிள்ளைப் பெண்கள் காச்சித்துணியும் குப்பாயமும் அணிந்து தலையில் தட்டம் இட்டார்கள். சிரியன் கிறித்தவப் பெண்களுக்கு வெள்ளை முண்டும் சட்டையும். மூன்று வேதங்கள், இடுப்பில் சுற்றியது ஏறத்தாழ ஒரே துணி. நிறத்திலும் கரையிலும் தலைத்துணியிலும்தான் எவள் எந்தத் தெரு என்பது தெரியும். யூத மணப்பெண் கழுத்தில் தாலிகூட ஏறியது. வடக்கே கொங்கணத்தில் எண்ணெய் ஆட்டி வாழ்ந்து, சனிக்கிழமை செக்கை நிறுத்தியதால் சனிவாரத் தேலி எனப் பெயர் பெற்ற பெனே இஸ்ராயீல் சமூகத்துப் பெண்கள் மராட்டியச் சேலையே உடுத்தினார்கள். இவர்களில் எவரும் தம் மார்க்கத்தைக் கைவிட்டவர்கள் அல்லர். ஓய்வுநாளையும் உணவு விதிகளையும் விடாது பேணியவர்கள்.

ஆனால் வழக்கத்தைப் புகழ்ந்துகொண்டே போவதற்கும் வரலாறு இடம் தரவில்லை. இதே சேர நாட்டில்தான் வழக்கத்தின் கொடிய முகமும் வெளிப்பட்டது. திருவிதாங்கூர் அரசில், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தையும் உள்ளடக்கிய பகுதியில், நாடார் முதலிய சமூகத்துப் பெண்கள் மார்பை மறைக்கக் கூடாது என்பது நாட்டு வழக்கம். உயர்ந்தோர் முன் மேலாடை இல்லாது நிற்பதே மரியாதை என்றது அவ்வழக்கம். கிறித்தவம் தழுவிய நாடார் பெண்கள் உடலை மறைக்க முற்பட்டபோது தெருவிலும் சந்தையிலும் அவர்களின் துணி கிழிக்கப்பட்டது. 1810களில் கர்னல் மன்றோவின் நிர்வாகம் ஓர் அனுமதி தந்தது. உயர்சாதிப் பெண்களின் மேல்முண்டை அவர்கள் அணியலாகாது. சிரியன் கிறித்தவரும் மாப்பிள்ளைமாரும் அணியும் குப்பாயத்தை அணியலாம். 1829இல் அரசு ஆணையும் அதையே உறுதிசெய்தது. பெரும் கலவரங்களுக்குப் பின் 1859 சூலை 26இல் வெளியான பிரகடனமே எல்லா நாடார் பெண்களுக்கும் உடலை மறைக்கும் உரிமையைத் தந்தது. அப்போதும் உயர்சாதியினர் அணியும் முறையில் அணியக் கூடாது என்ற தடை நீங்கவில்லை.

நம் சமூகத்துப் பெண்கள் தினமும் அணிந்த எளிய குப்பாயம், இன்னொரு சமூகத்துப் பெண்களின் மானத்துக்கு அரசாணையில் முன்மாதிரியாக எழுதப்பட்டது என்பதை நம்மில் பலர் அறியோம். மார்க்கம் வரைந்த எல்லை இல்லாதிருந்தால் அந்தக் குப்பாயம் அங்கே இருந்திருக்காது. ஊர் வழக்கம் மாப்பிள்ளைப் பெண்களையும் விழுங்கியிருக்கும். வழக்கத்துக்கு மார்க்கத்தில் இடம் உண்டு, ஆனால் எல்லைக்கு உள்ளேதான் என்று ஃபிக்ஹ் அறிஞர்கள் நிபந்தனை விதித்ததன் பொருளை எந்தக் கிதாபைவிடவும் இந்நிகழ்ச்சியே எனக்கு நன்றாக விளக்கியது.

யூதச் சட்டத்திலும் வழக்கம் எப்போதும் பெண்ணின் பக்கம் நின்றதில்லை. பெண்கள் தாமாகக் கைக்கொண்ட நாகரிகமாகத் தொடங்கிய தாத் யெஹூதித், அதை மீறினால் மணத்தொகையே இல்லாமல் விலக்கப்படலாம் என்ற தண்டனையாக இறுகிப்போனது. பெண்கள் தந்த வழக்கை ஆண்கள் வழக்காடும் சட்டமாக்கினார்கள். இந்த இறுக்கம் யூதர்களுக்கு மட்டும் உரியது என்று சொல்ல என் மனம் துணியவில்லை.

ஆயினும் மிஷ்னாவில் பதிவான ஒரு வழக்கு நெஞ்சை விட்டு நீங்காதது. கடைத்தெருவில் ஒருவன் ஒரு பெண்ணின் தலைத்துணியை விலக்கிவிட்டான். அவள் ரப்பி அகீவாவிடம் முறையிட்டாள். அவர் 400 ஸூஸ் தண்டம் விதித்தார். அக்காலத்தில் அது மிகப் பெரும் தொகை. அவன் தவணை கேட்டுப் பெற்றுக்கொண்டு, ஒருநாள் அவள் வாசலில் நிற்கும் நேரம் பார்த்து, சிறு காசு பெறுமான எண்ணெய் இருந்த குடுவையை அவள் முன் உடைத்தான். ஏழைப் பெண், வீணாகும் எண்ணெயைக் கையால் வழித்துத் தலையில் தேய்த்துக்கொள்ளத் தன் தலைத்துணியைத் தானே நீக்கினாள். அவன் மறைவில் நிறுத்தியிருந்த சாட்சிகளோடு அகீவாவிடம் ஓடினான். ஒரு காசு எண்ணெய்க்காகத் தன் தலையைத் திறந்தவளுக்கா நான் 400 ஸூஸ் தருவது என்று கேட்டான். உன் வாதம் வாதமே அன்று என்று அகீவா தள்ளிவிட்டார். ஒருவர் தம் உடலைத் தாமே காயப்படுத்திக்கொள்வது தகாது எனினும் அதற்குத் தண்டமில்லை. பிறர் அதே காயத்தைச் செய்தால் தண்டம் உண்டு. அவள் வாசலில் என்ன செய்தாள் என்பது, தெருவில் நீ செய்ததற்கு விடையாகாது.

2022 பிப்ரவரி 19இல் நம் மதுரை மாவட்டத்து மேலூரில் நகராட்சித் தேர்தல் வாக்குப்பதிவு நடந்தது. ஹிஜாப் அணிந்து வாக்களிக்க வந்த பெண்ணைக் கண்டு, ஒரு கட்சியின் வாக்குச்சாவடி முகவர் அதை அகற்றச் சொல்லிக் கூச்சலிட்டார். மற்றக் கட்சி முகவர்களும் அலுவலர்களும் எதிர்த்தார்கள்; காவல்துறையினர் அவரை வெளியேற்றினார்கள். அன்று மாலை செய்தி பார்த்த எங்கள் வீட்டுப் பெண்கள் நெடுநேரம் பேசவில்லை. மேலூர் நமக்குப் பேருந்தில் போய்வரும் தொலைவு.

அடுத்த மாதம், மார்ச் 15 அன்று, கர்நாடக உயர் நீதிமன்றம் ஹிஜாப் இஸ்லாத்தின் இன்றியமையாத சமய நடைமுறை அன்று என்று தீர்ப்பளித்தது. உச்ச நீதிமன்றத்தில் அக்டோபர் 13 அன்று இரு நீதிபதிகளும் மாறுபட்டார்கள். நீதிபதி ஹேமந்த் குப்தா உயர் நீதிமன்றத்தின் முடிவை ஏற்றார். நீதிபதி சுதான்ஷு தூலியா, இன்றியமையாமை குறித்த ஆராய்ச்சியே இவ்வழக்குக்குத் தேவையற்றது, இது அப்பெண்ணின் தெரிவு என்றார். சட்டம் பயிலாத எனக்கு இந்த இரண்டாவது பார்வையில் அகீவாவின் நிழல் தெரிகிறது. மார்க்கமா வழக்கமா என்று பிரித்து, மார்க்கமென்றால் காப்போம், வழக்கமென்றால் கைவிடுவோம் என்ற அளவுகோல், மதமும் வழக்கும் ஒரே துணியின் ஊடும் பாவுமாக இருக்கும் இடத்தில் செல்லாது. வருத்தம் என்னவெனில், எங்கள் வீட்டுக் கூடத்தில் அந்த இளைஞர் நன்னியின் துப்பட்டியை அளந்ததும் இதே கோலால்தான்.

ஓர் ஊரின் வழக்கத்தை அறியாமல் மார்க்கத் தீர்ப்பு சொல்ல முடியாது என்பதற்கு அண்மைக்கால எடுத்துக்காட்டு ஒன்று நம் பக்கத்திலேயே இருக்கிறது. ஐரோப்பிய யூதப் பெண்களிடையே, மணமானபின் சொந்த முடியை மறைக்கப் பொய்முடி அணியும் பழக்கம் நாளடைவில் பரவியது. முடியை முடியால் மறைப்பது மறைப்பாகுமா என்ற சண்டை 16ஆம் நூற்றாண்டு இத்தாலியிலிருந்து நடக்கிறது. பக்தாதில் பிறந்த ரப்பி ஓவதியா யோசேப் பொய்முடியைக் கடுமையாக எதிர்த்தார். அந்தச் சண்டைக்குள் 2004 மே மாதத்தில் திருமலை நுழைந்தது. உலகச் சந்தையில் விற்கும் நல்ல பொய்முடிகள் பலவற்றுக்கு மூலம், திருமலைக் கல்யாணகட்டாவில் இறக்கப்பட்டு, தேவஸ்தானத்தால் ஏலம் விடப்படும் முடி என்ற செய்தி பரவியது. சிலைக்குப் படைத்த பொருளைப் பயன்படுத்துவது யூதச் சட்டத்தில் விலக்கப்பட்டது. எருசலேமின் மூத்த சட்ட அறிஞர் ரப்பி எல்யாஷிவ், இந்திய முடியால் ஆன பொய்முடிகள் ஆகாது என்று தீர்ப்பளித்தார். நியூயார்க்கின் புரூக்ளினிலும் எருசலேமிலும் பெண்கள் விலையுயர்ந்த பொய்முடிகளைத் தெருவில் குவித்து எரித்தார்கள்.

அத்தீர்ப்புக்கு முன் லண்டனிலிருந்து ஒரு ரப்பி நேரிலேயே திருமலைக்கு வந்து விசாரித்துச் சென்றார். அவர் அறிய வேண்டியிருந்தது ஒன்றே: மொட்டை போடும் பக்தர் என்ன நினைத்துக்கொண்டு போடுகிறார்? முடி படையலா, அல்லது முடியை இழக்கும் பணிவு மட்டும்தான் வழிபாடா, கீழே விழுந்த முடி வெறும் கழிவா? எங்கள் தெருவில் ஆண்டுதோறும் பழனிக்குப் போய் மொட்டை போட்டுவரும் அக்காவிடம் ஒருமுறை இதைக் கேட்டேன். "காணிக்கைன்னுதானேங்க சொல்றோம்" என்று சிரித்தார். முடி இறக்குதல் என்றும் சொல்கிறோம், முடிகாணிக்கை என்றும் சொல்கிறோம். தமிழில் இரண்டு சொற்களுக்கு நடுவே கிடந்த ஐயம், புரூக்ளின் பெண்ணின் தலைமேல் ஹலாலா ஹராமா என்ற கேள்வியாகப் போய் அமர்ந்தது.

கொச்சியில் முண்டு உடுத்திய யூதப் பெண்களின் சமூகம் 1950களில் பெரும்பாலும் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்துவிட்டது. சரிகை இழையோடிய அவர்களின் மண முண்டுகளை இப்போது அருங்காட்சியகக் கண்ணாடிப் பேழைகளில் காணலாம்.

திருமணம் நல்லபடியாக முடிந்த மறுநாள் பேத்தி அந்தத் துப்பட்டியைத் துவைத்து மொட்டைமாடியில் காயப்போட்டாள். இரண்டு கொடிகளை இணைத்துத்தான் அதை விரிக்க முடிந்தது. கறுப்பு புர்கா அணிந்து கல்லூரிக்குச் செல்லும் அவள், காய்ந்த துணியைத் தலையில் இட்டு நன்னி எப்படிப் பிடித்திருப்பார் என்று மாமியிடம் கேட்டாள். மாமி எழுந்து வந்து, வலது ஓரத்தைச் சற்றுக் குறைத்து இடது ஓரத்தை நீளவிட்டு, தாடைக்குக் கீழ் இரு விரலால் பற்றும் விதத்தைக் காட்டினார். மூன்று முறை நழுவியது. நான்காம் முறை நின்றது.